கைகளுக்கு வாசிப்பவள்

ஐந்து மாதமாக நெரேய்தா அந்தக் கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள்கூட யாரும் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்ததில்லை.

நூற்று நாற்பது பேர் வரிசை வரிசையாக உட்கார்ந்து சுருட்டுச் சுற்றும் கூடம் அது. முன்னால் ஒரு மேடை. மேடையில் ஒரு மேசை, நாற்காலி, மைக். காலையில் செய்தித்தாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாவல். கை வேலையில் கிடக்கும்போது காது சும்மா கிடக்கலாகாது என்று பூட்டன் காலத்துச் சுருட்டுக்காரர்கள் பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்ட உரிமை. யார் வாசிப்பது என்பதையும் சுற்றுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். முதலாளிகள் இருந்தபோதும் சரி, அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகும் சரி, அதில் மட்டும் யாரும் கை வைத்ததில்லை.

வாசிப்பு பிடித்துவிட்டால், இலை வெட்டும் பிறைக்கத்தியால் ஆளாளுக்குத் தங்கள் பலகையைத் தட்டுவார்கள். அதுதான் அங்கே கைதட்டல். பிடிக்காவிட்டால் கத்தி தரையில் விழும். நெரேய்தாவுக்கு இரண்டும் நடக்கவில்லை. அன்னையர் தினத்தன்று ஒரு தரம் தட்டினார்கள். அது அன்னையருக்கு.

அவள் மேடைக்கு வந்ததே தற்செயல். பத்தொன்பது வருஷம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சுருட்டுச் சுற்றியவள். பழைய வாசிப்பாளர் அமான்சியோ ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதுகுவலி முற்றி மகள் வீட்டோடு மத்தான்சாஸ் நகரத்துக்குப் போய்விட்டார். சங்கச் செயலாளர் எரிபெர்த்தோ நேராக அவள் பலகைக்கு வந்து, "புது ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ வாசி. நம்ம பினார் ஊரு நூலகத்துல நீ படிக்காத புத்தகத்துக்குத்தான் கரையான் புடிக்குதாம்" என்றார். மறுக்கத் தெரியாமல் ஏறினாள். அவளுக்கு மறுக்கவும் தெரியாது, அதிகம் பேசவும் வராது. வீட்டில் அவளும் ஒரு பூனையும். அடுத்த வீட்டுக்காரி உப்புக் கேட்டு வந்தால் உப்பைக் கொடுத்துவிட்டு, என்ன சமையல் என்று கேட்கத் தோன்றாமல் நிற்கிறவள்.

இப்போது அந்த வேலைக்கு நிரந்தரமாக ஆள் எடுக்கப் போகிறார்கள். இரண்டு பெயர்கள். ஒன்று அவளுடையது. இன்னொன்று எவேலியோ போர்டுவோந்தோ.

எவேலியோ என்றால் மாகாணத்தில் தெரியாதவர் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் வானொலியில் மத்தியான நாடகம். காதலனும் அவர்தான், வில்லனும் அவர்தான், சில நாள் செத்துப்போகிற அப்பாவும் அவர்தான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் விண்ணப்பம் போட்டிருந்தார். ஆளுக்கு ஒரு வாரம் வாசிக்க வேண்டும். முதல் வாரம் எவேலியோ, அடுத்த வாரம் நெரேய்தா. அந்த வெள்ளிக்கிழமை ஓட்டு.

அந்த நாற்காலி இல்லாமல் இனி இருக்க முடியாது என்பது நெரேய்தாவுக்குத் தெரிந்திருந்தது. அதற்குத் தனக்கு என்ன தகுதி என்பதுதான் தெரியவில்லை. எழுதியவன் எழுதியதை எழுத்துக் கூட்டி வாசிக்கிறோம், இதில் தன்னுடையது என்று என்ன இருக்கிறது? அமான்சியோ படித்த மனிதர். எவேலியோவுக்குக் குரல் இருக்கிறது. தன்னிடம் இருப்பது புத்தகப் பைத்தியம். அது ஒரு நோய், தகுதி ஆகுமா?

எவேலியோவின் வாரம் தொடங்கியபோது அவள் தன் பழைய பலகைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். பக்கத்துப் பலகை சொராய்தாவுடையது. இருபது வருஷத் தோழி. வாயைக் கட்டிப்போட்டால் காதால் பேசுகிறவள்.

"வாடி மகாராணி. சிம்மாசனத்துல ஒக்காந்து ஒக்காந்து விரல் மரத்துப் போயிருக்கும். இலை எது, காகிதம் எதுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அவரு சட்டையப் பாத்தியா? இஸ்திரி மடிப்புல காய் நறுக்கலாம். இந்தாளு கொரலக் கேட்டா எங்கம்மா கல்யாணமே வேணாம்னு இருந்திருப்பா."

"உங்கம்மாவுக்குக் கல்யாணம் ஆகி ஒம்போது புள்ளைங்க."

"அதத்தான் சொல்றேன். முன்னாடியே கேட்டிருந்தா பண்ணிருக்க மாட்டா."

மேடையில் எவேலியோ தொண்டையைச் செருமினார். கூடம் அடங்கியது. மற்ற நாளில் செய்தித்தாள் என்றால் பேஸ்பால் முடிவு வரும்வரை பாதிப்பேர் வாய் ஓயாது. அன்று வானிலை அறிக்கைக்கே கூடம் அடங்கிவிட்டது. மத்தியானம் நாவலைத் திறந்தார். துறைமுகத்தில் ஒரு கொலை. கொன்றவன் தன் சொந்தத் தம்பி என்று தெரியாமல் தேடிக்கொண்டு போகிற காவலன். நெரேய்தா பாதிவரை வாசித்து நிறுத்தியிருந்த அதே புத்தகம். ஆனால் அதே புத்தகமா? காவலனுக்கு ஒரு குரல், மீன்காரிக்கு ஒரு குரல், கிழக் குடிகாரனுக்கு ஒரு குரல். இருட்டுக் கிட்டங்கியில் காலடி கேட்கிற இடத்தில் அவர் மைக்கை ஒட்டி வந்து மூச்சு மட்டும் விட்டார். நூற்று நாற்பது பேரும் கத்தியை அந்தரத்தில் பிடித்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தியாயம் முடிந்ததும் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டினாற்போல் கத்திகள் பலகையைத் தட்டின. நெரேய்தாவும் தட்டினாள். மனசாரத்தான் தட்டினாள். 

"ஏண்டி மூஞ்சி தொங்குது?" என்றாள் சொராய்தா.

"நல்லா வாசிக்கிறாரு."

"நல்லாவா? எனக்கு ஒண்ணுக்கு வந்திருச்சு, போகாம அடக்கிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். நீ வாசிச்சா நான் மூணு தரம் போயிட்டு வந்துருவேன்."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். இரவு சோற்றையும் கறுப்புப் பயறையும் தட்டில் போட்டு வைத்துக்கொண்டு நெரேய்தா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை, தரம் பார்க்கும் அனிசேத்தோ தட்டுத் தட்டாகச் சுருட்டுகளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். சுருட்டில் காற்று சரியாக இழுபடுகிறதா என்று பார்க்கும் மெஷின் அவர் கையில். இலையை அளவுக்கு மேல் இறுக்கிச் சுற்றிவிட்டால் புகை வராது. அப்படிப்பட்ட சுருட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

"என்ன தோழர்களே, சுருட்டுச் சுத்துறீங்களா, ஆணி செய்றீங்களா? ரெண்டு நாள்ல நூத்துப் பதினேழு! இத இழுத்தா கன்னம் உள்ள போயிரும், புகை வராது!"

"இலை காஞ்சு கெடக்குது அனிசேத்தோ அண்ணே," என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"அதான் நானும் நெனைக்கிறேன். ஈரம் பத்தல. கிட்டங்கியில தண்ணி தெளிக்கச் சொல்றேன்." வரிசையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தவர் அவள் பலகையில் நின்றார். தயங்கி, குரலைத் தாழ்த்தினார். "நெரேய்தா. உன்னோடது நாலு."

பத்தொன்பது வருஷத்தில் அவளுக்குத் திரும்பி வந்தவற்றை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம். நான்கையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சொராய்தாகூடக் கேலி செய்யாமல் அடுத்த இலையை எடுத்தாள். அதுதான் இன்னும் சுட்டது.

ஆக, சுற்றவும் மறந்தாயிற்று. வாசிக்கவும் வரவில்லை. இரண்டு படகில் கால் வைத்தவள் கதை. அன்று வேலை முடிந்ததும் சங்க அறைக்குப் போய் வாசலில் நின்றாள். எரிபெர்த்தோ கணக்கில்லாமல் காப்பி குடிக்கிறவர்; அப்போதும் சின்னக் கோப்பையும் கையுமாக இருந்தார்.

"என் பேர எடுத்துருங்க தோழர்."

"எதுலேர்ந்து?"

"ஓட்டுலேர்ந்து."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பயமா?"

"இல்ல. அவரு நல்லா வாசிக்கிறாரு. எதுக்கு வீணா எல்லார் நேரத்தையும்..."

"தோ பாரு, இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் உன் பேரு இந்தச் செவுத்துல இருக்கும். அப்பவும் இதையே சொன்னா அடிச்சுர்றேன். அதுக்குள்ள ஒண்ணும் குடி முழுகிப் போயிராது."

சுவரில் ஒட்டியிருந்த தாளில் தன் பெயரைப் பார்த்தாள். வேறு யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் எவேலியோ ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்தார். மீன்காரி கதவைத் திறக்கிறாள். உள்ளே ஒருவன் கத்தியோடு நிற்கிறான். அவளுக்கு அது தெரியாது, கேட்கிற நமக்குத் தெரியும். எவேலியோ குரலை உயர்த்திக்கொண்டே போனார். நெரேய்தா உள்ளிலைகளை உள்ளங்கையில் அடுக்கி மடித்துக்கொண்டிருந்தாள். கதவு கிறீச்சிட்டது. அப்போது தன் கட்டைவிரலைக் கவனித்தாள்.

நகம் வெளுத்திருந்தது. அத்தனை இறுக்கம்.

கையை விரித்தாள். இலைகள் கயிறு மாதிரி முறுக்கிக்கிடந்தன. மெல்ல இடப்பக்கம் பார்த்தாள். சொராய்தாவின் தோள் காதுவரை ஏறியிருந்தது. அவள் கையில் இருந்ததும் கயிறுதான். முன் வரிசையில் கிழவர் பாசிலியோ. ஐம்பது வருஷம் சுற்றிய கை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, சுருட்டைப் பாம்பின் கழுத்தைப் பிடித்தாற்போல் பிடித்திருந்தார். அந்த வரிசை முழுக்க அப்படித்தான். பின்னால் இருந்த வரிசைகளும். கொலைகாரன் கதவுக்குப் பின்னால் நிற்க நிற்க, கூடம் முழுக்க விரல்கள் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தன.

இலையில் ஈரம் இல்லாததால் அல்ல.

மேற்கொண்டு அவள் கதையைக் கேட்கவில்லை. தான் வாசிக்கும்போது என்ன செய்வோம் என்று யோசித்தாள். யோசித்துப் பார்த்ததே இல்லை. மூச்சு விடுவதை யார் யோசிக்கிறார்கள்? ஆனால் பயங்கரம் வருகிற பக்கத்தில் அவள் குரல் தணியும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கூடும். உள்ளிலையை மடிக்கிற நேரத்துக்கு ஒரு வாக்கியம், மேலிலையைச் சுற்றி வெட்டுகிற நேரத்துக்கு ஒரு நிறுத்தம். முன் வரிசையில் பாசிலியோவின் கத்தி இறங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த வரி. கொலை வருகிற அத்தியாயத்தைச் சாயங்கால மணிக்குச் சற்று முன்னால் வருகிற மாதிரி முந்தின நாளே இழுத்தோ சுருக்கியோ வைத்துக்கொள்வாள். கை சும்மா ஆகிற நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டால் பாதகமில்லை. ஊர்க்காரர்கள் பேஸ்பாலில் தோற்ற அன்று அந்தச் செய்தியைப் பத்து மணிக் காப்பிக்குப் பிறகுதான் வாசிப்பாள்.

இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, இதற்கு ஒரு பெயர் உண்டு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

இருந்தும் உடனே நம்பிவிடவில்லை. தோற்கப் போகிறவள் தனக்குச் சாதகமாக எதையாவது கண்டுபிடிப்பாள், அதுவும் ஒரு பலவீனந்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

மணி அடித்ததும் எவேலியோ அவளைத் தேடி வந்தார். மேடையில் இருந்த ஆள் இல்லை இது. கழுத்தில் ஈரத்துணி சுற்றியிருந்தது. குரல் காய்ந்த சருகு.

"அம்மா, கொஞ்சம் வெளிய வர்றீங்களா? இவங்க முன்னால இந்தக் குரல்ல பேச வெட்கமா இருக்கு."

முற்றத்து மாமரத்தடியில் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தார்கள்.

"வானொலியில ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு நிமிஷம். இங்க நாலு மணி நேரம். நாலாம் நாளே எனக்குத் தொண்டை போச்சு. நீங்க எப்படி அஞ்சு மாசமா?"

நெரேய்தா தரையைப் பார்த்தாள். போட்டியாளர். சொல்லாமல் விட்டால் நாளைக்கு இவருக்குக் குரலே இருக்காது. ஆனால் ஒரு ஆள் தொண்டை வலியோடு கேட்கும்போது சொல்லாமல் இருக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நீங்க கடைசி வரிசைக்கு வாசிக்கிறீங்க," என்றாள். "மைக் இருக்குதே. முன்னால மூணாவது வரிசைக்கு வாசிச்சாப் போதும். அப்புறம்... எல்லாரையும் பாக்க வைக்கிறீங்க."

"அதுக்குத்தானே வாசிக்கிறது?"

"பாத்தா கை நிக்கும். நிக்காத கை இறுகும். நூத்துப் பதினேழு திரும்பி வந்தது ஈரத்தால இல்ல. உங்களால."

சொன்ன பிறகுதான் எவ்வளவு நேராகச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. எவேலியோ கோபப்படவில்லை. கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்து, மறுபடி சுற்றிக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றார்.

சொன்னாள். மடிப்பு, சுற்று, வெட்டு. எந்த இடத்தில் மூச்சு, எந்த இடத்தில் நிறுத்தம். கூடத்தில் கத்திச் சத்தம் அடர்ந்து வந்தால் வேகமாகிவிட்டார்கள் என்று அர்த்தம், நீங்கள் மெதுவாக வேண்டும். சத்தம் நூலாக மெலிந்துவிட்டால் தூக்கம், அப்போது சிரிக்கிற இடம் ஒன்றைத் தேடி முன்னால் கொண்டுவர வேண்டும். மூன்று மணிக்கு வெயில் மேற்கு ஜன்னலில் ஏறும்போது வர்ணனை வாசிக்கக் கூடாது, பேச்சு வருகிற பக்கமாக வாசிக்க வேண்டும். பேசிக்கொண்டே போனாள். இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி எத்தனை வருஷம் இருக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை. நிறுத்தியபோது முற்றத்தில் வேறு யாரும் இல்லை.

"நாளைக்கு முயற்சி பண்றேன்," என்றார் எவேலியோ.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செய்தும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, ஆற அமர, கையைப் பார்த்து வாசித்தார். கத்திகள் ஒழுங்காக விழத் தொடங்கின. தோள்கள் இறங்கின. ஒருவர் இருமினார், ஒருத்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். நெரேய்தாவின் கையில் இலை இலையாக இருந்தது. கால் மணி நேரம் அப்படி ஓடியது. பிறகு எவேலியோ ஒரு தரம் கூடத்தை முழுக்க நிமிர்ந்து பார்த்தார். ஒரு தலையும் அவர் பக்கம் இல்லை. அடுத்த வரியில் மீன்காரியின் குரல் ஓலமாக எழுந்தது. நூற்று நாற்பது தலைகளும் சட்டென்று நிமிர்ந்தன. முடிவில் கத்திகள் முழங்கின.

மணி அடித்த பிறகு அவர் நேரே அவள் பலகைக்கு வந்தார். சொராய்தா வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள்.

"முடியல அம்மா. அந்தக் கால் மணி நேரம் செத்துப் போன மாதிரி இருந்துச்சு. ஒரு ஆள் ஏறெடுத்துப் பாக்கல. இருபத்தெட்டு வருஷம் ஒரு சின்ன ரூமுக்குள்ள, யாரு கேக்குறான்னே தெரியாமப் பேசினவன் நான். மொகங்களப் பாக்கணும்னுதான் இங்க வந்தேன்."

"எனக்கு அஞ்சு மாசமா அப்படித்தான். ஒருத்தரும் பாத்ததில்ல."

"அஞ்சு மாசமா?" அவர் அவளை உற்றுப் பார்த்தார். "நேத்து சொன்னதையெல்லாம் அஞ்சு மாசமா, தினமும்? வேணும்னேதான் செஞ்சீங்களா?"

கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. நாற்காலிகள் இழுபட்டன, கத்திகளைத் துடைத்து இழுப்பறையில் போடும் சத்தம் கேட்டது, வாசல் பக்கம் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் காத்திருந்தார். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமல், யாரும் தட்டாமல், ஒவ்வொரு நாளும் முந்தின நாள் இரவே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் எந்தக் கைக்கு எப்போது என்று உட்கார்ந்து பார்த்தது யார்?

"ஆமா," என்றாள். "வேணும்னேதான்."

சொல்லி முடித்ததும் அது உண்மை என்று தெரிந்தது. எவேலியோ தலையை ஆட்டிவிட்டு, "அப்ப நான் தோத்தா உங்க கிட்டத்தான் தோப்பேன், தொண்டை போனதால இல்ல," என்று சொல்லிக்கொண்டே போனார்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடித்தது. சங்க அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிபெர்த்தோ வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். நெரேய்தா அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த வாரம் அவள் வாசித்தாள். வழக்கம்போலத்தான். திங்கள், செவ்வாய், மழை பெய்த புதன். கொன்றவன் தம்பிதான் என்று காவலன் கண்டுகொள்கிற இடம் வியாழக்கிழமை சாயங்கால மணிக்கு ஏழு நிமிஷம் முன்னால் வந்தது. கத்தி எதுவும் தட்டவில்லை. மணி அடித்த பிறகும் சிலர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்த வாரம் திரும்பி வந்தவை மொத்தமே ஒன்பது சுருட்டுகள். அனிசேத்தோ தட்டோடு வந்து, "பாத்தீங்களா? ஈரம்! நான் சொன்னேன்ல, எல்லாம் ஈரந்தான்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

நெரேய்தா மேடையிலிருந்து அதைக் கேட்டாள். பேரெல்லாம் தண்ணீருக்குப் போய்விட்டது. தானாக வாய் திறந்து சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை என்று புரிந்தது.

ஓட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் கூடத்தின் முன் பேச வேண்டும். எவேலியோ பேசினார். குரல் தேறியிருந்தது. வானொலிக்கு வந்த கடிதங்களைப் பற்றி, ஒரு தடவை செத்துப்போன பாத்திரத்துக்கு யாரோ மலர்வளையம் அனுப்பியதைப் பற்றிச் சொன்னார். சிரித்தார்கள், தட்டினார்கள்.

நெரேய்தா எழுந்தாள். மைக்குக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். ஏழாவது வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்:

"அக்கா, பேசு! இல்லாட்டித் தாலாட்டுப் பாடு, அதுதான் உனக்கு நல்லா வரும்!"

சிரிப்பு அலை எழுந்தது. சொராய்தாவும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாலாட்டுனா தூங்கியிருப்ப," என்றாள் நெரேய்தா. "என் வாசிப்புல நீ தூங்கி ஒரு நாளாவது கண்டதில்ல. போன வெள்ளிக்கெழமை உனக்கு எத்தன திரும்பி வந்துச்சு?"

அவன் பலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பக்கத்தில் இருந்தவன், "பதினொண்ணு!" என்றான்.

"இந்த வாரம்?"

"ஒண்ணும் இல்ல," என்று முனகினான் கேலி செய்தவன்.

"அது ஈரம்!" என்று பின்னால் இருந்து அனிசேத்தோவின் குரல் வந்தது.

"ஈரம் இல்ல அண்ணே. நான்." கூடம் அடங்கியது. குரல் நடுங்குகிறதா என்று அவளே கேட்டுப் பார்த்தாள். நடுங்கவில்லை. "தோழர் எவேலியோ மாதிரி எனக்கு வாசிக்க வராது. அவரு வாசிச்சா நானும் வாயப் பொளந்துக்கிட்டுத்தான் கேக்குறேன். ஆனா நான் உங்க மூஞ்சிக்கு வாசிக்கல. உங்க கைக்கு வாசிக்கிறேன். கதையில யாராவது கத்திய எடுத்தா உங்க கை இறுகும். எனக்குத் தெரியும், பத்தொம்போது வருஷம் நானும் சுத்தியிருக்கேன். அதனால அந்த எடத்துல நான் தணிஞ்சு போவேன். நீங்க வெட்டுறப்ப நிறுத்துவேன். கொலைய சாயங்கால மணிக்கு முன்னால கொண்டு வருவேன். நீங்க என்னைப் பாக்கலன்னு ரொம்ப நாளா நெனச்சு வருத்தப்பட்டேன். இப்ப தெரியுது, பாக்காம இருக்கத்தான் வாசிச்சிருக்கேன். கத கேட்டுக்கிட்டே கை வேலையும் நடக்கணும், சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப ரெண்டும் முழுசா இருக்கணும். அது எனக்கு வரும். நல்லாவே வரும்."

இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று யோசித்தாள். வேண்டாம் என்று பட்டது. உட்கார்ந்தாள்.

யாரும் தட்டவில்லை. கிழவர் பாசிலியோ தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி, "அட, என் கத்தி எறங்குற வரைக்கும் நிப்பாள்ல! நான் என்னமோ எனக்குக் காது மந்தம்னு நெனச்சேன்," என்றார்.

சங்க அறையில் துணி கட்டி மறைத்து ஒரு மேசை போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய்த் தாளில் பெயருக்கு நேரே குறி போட்டுப் பெட்டியில் போட வேண்டும். சுற்றுகிறவர்களில் ஒருவர் போட்டியில் நின்றால் அவருக்கும் ஓட்டு உண்டு. ஆனால் தன் ஓட்டை எதிராளிக்குப் போடுவது அங்கே எழுதாத மரியாதை. சங்கத் தேர்தலில் எரிபெர்த்தோவே அப்படித்தான் போட்டு, ஒரு தடவை ஒரே ஓட்டில் தோற்றிருக்கிறார். நெரேய்தா துணிக்குப் பின்னால் பென்சிலைப் பிடித்தபடி நின்றாள். எவேலியோவின் பெயரை வாசித்தாள். நல்ல மனிதர். மரியாதைக்குப் போட்டால் ஒரு குறையும் இல்லை. யாரும் பார்க்கப் போவதும் இல்லை. ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் மைக்கில் சொன்னதை நம்பாதவள்தான் இப்போது அப்படிப் போட முடியும். தன் பெயருக்கு நேரே அழுத்திக் குறி போட்டாள்.

நெரேய்தாவுக்கு எண்பத்தொன்று, எவேலியோவுக்கு ஐம்பத்தாறு. மூன்று தாளில் எதுவும் எழுதப்படவில்லை. எவேலியோ கையைக் குலுக்கி, மாதத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை, கை வேலை இல்லாத நேரத்தில், தான் வந்து ஒரு நாடகம் வாசித்துக் காட்டலாமா என்று கேட்டார். "வாங்க. ஆனா புத்தகம் நான் தேர்ந்தெடுப்பேன்," என்றாள் நெரேய்தா. அவர் சிரித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது சொராய்தா இரண்டு தெருவரை வாயே திறக்கவில்லை. மூன்றாவது தெருவில் முடியவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. திட்டக் கூடாது."

"சொல்லு."

"நான் அவருக்குப் போட்டேன். அந்த மீன்காரி கொரலு... என்னால தாங்க முடியல. மன்னிச்சுரு."

"பரவால்ல."

"கோவமே வரலையா உனக்கு? இருபது வருஷப் பழக்கம்!" கொஞ்ச தூரம் நடந்தாள். "சரி, நீ யாருக்குப் போட்ட? அவருக்குத்தானே? அதானே மரியாதை?"

"எனக்குப் போட்டேன்."

சொராய்தா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனான். அவள் நெரேய்தாவை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தாள்.

"நல்ல வேளை," என்றாள். "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்திக்காவது புத்தி இருந்துச்சு."